கழுத்துப்பட்டையோட ஒரு லேப்ரடார் தோப்புக்கு வந்திருக்கு, சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்க (காவேரிப்பட்டணம்)

மாந்தோப்பு:
வணக்கங்க. எங்க தோப்பு காவேரிப்பட்டணம் பக்கம், சேலம் பைபாஸை ஒட்டின மாதிரி. ஞாயித்துக்கிழமை ராத்திரி இடி மழை ஓஞ்சதும் மோட்டார் ரூம்ல ஒரு லேப்ரடார் நனைஞ்சுபோய் படுத்திருந்துச்சு. பொட்டை, வெளிர் மஞ்சள். கழுத்துல சிவப்புப் பட்டை இருக்கு, பேர் தகடு இல்ல. தகடு மாட்டுற வளையம் மட்டும் வாயைப் பொளந்துக்கிட்டு தொங்குது.

ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் போட்டோ போட்டுட்டேன், பால் சொசைட்டியில சொல்லி வெச்சிருக்கேன். அடையாளம் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. ஆனா "எங்க நாய்தான்"னு ரெண்டு பேர் போன் பண்றாங்க. ஒருத்தர் எடுத்ததும் கேட்டது "கருத்தடை ஆகலையே?"ன்னு. இன்னொருத்தர் பராமரிப்புச் செலவுக்குப் பணம் அனுப்புறாராம், அதுக்கு நான் ஓடிபி சொல்லணுமாம்!

பட்டை இறுக்கமா இருக்கேன்னு தளர்த்தப் போனேன், பல் பட்டு விரல்ல கீறிடுச்சு. ஒரு பொட்டு ரத்தம், அவ்ளோதான். அடுத்து என்ன பண்ணலாம்?

பர்கூர் அக்கா:
தம்பி, நாய் இருக்கட்டும், முதல்ல விரலைப் பாருப்பா. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதே. உடனே ஜி.எச். போ. நாய்க்கு வெறி இருக்கான்னு 10 நாள் பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாம்னு சொல்ற ஆளுங்க நம்ம ஊர்ல நிறைய, காதுல வாங்காதே. நாயைக் கவனிக்கிறது ஒரு பக்கம் நடக்கட்டும், ஊசி இன்னிக்கே ஆரம்பிக்கணும். ஒரு பொட்டுன்னாலும் ரத்தம் வந்துட்டா மூணாம் வகை, அதாவது ரொம்ப ஆபத்தான வகைக் காயம்தான். தடுப்பூசியோட காயத்தைச் சுத்தி சீரமும் (உடனே காக்குற எதிர்ப்பு மருந்து) போடுவாங்க, நீயே கேட்டு வாங்கு. தோலுக்குள்ள போடுற ஊசின்னா 0, 3, 7, 28-னு நாலு நாள் போகணும். அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது.

மருந்துப்பெட்டி (கால்நடை மருந்தகத்துல இருக்கேன்):
அக்கா சொன்னதை முடிச்சுட்டு வந்து நாயோட உடம்பைப் படிங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு பாதி அதுவே சொல்லிடும். நகம் நீளமா, தேஞ்சிருக்கா? உள்ளங்கால் தோல் எப்படி இருக்கு? காது மடலுக்குள்ள உண்ணி எத்தனை? காது ஓரத்துல வெட்டு இருக்கா, அடிவயித்துல தழும்பு இருக்கா?

போட்டோவுல தெரியாத ஏதாவது ஒரு அடையாளத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அதை இங்ககூட எழுதாதீங்க. உரிமை கேட்டு வர்றவங்க அதை அவங்க வாயால சொல்லணும். கருத்தடை பத்திக் கேட்டவருக்கு நாயைவிட குட்டி மேலதான் கண்ணு. "ஆயிடுச்சு"ன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் போன் வராது.

மாந்தோப்பு:
ஊசி, சீரம் ரெண்டும் போட்டாச்சு அக்கா. நகம் நல்ல நீளம். உள்ளங்கால் உரிஞ்சு சிவந்திருக்கு. உண்ணி ஒண்ணு ரெண்டுதான். காது முழுசா இருக்கு, வயித்துல பழைய தையல் தழும்பு தெரியுது. கருத்தடைக்காரர் கிட்ட சொன்னேன், பட்டுனு வெச்சுட்டார்.

இன்னொண்ணு கவனிச்சேன். "வா"ன்னா முழிக்குது. காவல்காரர் தெலுங்குல "ரா ரா"ன்னு கூப்பிட்டார், அசையல. அவர் மருமக ஆனேக்கல் பக்கத்துப் பொண்ணு. அந்தப் பொண்ணு கன்னடத்துல "பா இல்லி"ன்னதும் நாய் எழுந்து ஓடுச்சு, "கூத்கோ"ன்னதும் உக்காந்துச்சு!

மருந்துப்பெட்டி:
அப்போ இது காவேரிப்பட்டணத்து நாயே இல்லீங்க. தோட்டத்துல வளர்ந்திருந்தா நகம் தேஞ்சிருக்கும், உண்ணி கொத்துக்கொத்தா இருக்கும். இது டைல்ஸ் தரையில வளர்ந்தது, தார் ரோட்டுல கொஞ்ச தூரம் ஓடி வந்திருக்கு. அரசு திட்டத்துல பிடிச்சு கருத்தடை பண்ற தெருநாய்ங்களுக்கு காதுல வெட்டு போடுவாங்க. இதுக்கு வெட்டில்லாம தழும்பு மட்டும் இருக்குன்னா வீட்டுக்காரங்க காசு குடுத்து பண்ணினது.

ராயக்கோட்டை ரோடு:
பெங்களூர் கார்தான். சாப்பிட நிறுத்தியிருப்பாங்க, கதவைத் திறந்த நேரத்துல இடி இடிச்சிருக்கும், குதிச்சு ஓடியிருக்கும். ஊர் குரூப்ல நீங்க எத்தனை தடவை போட்டாலும் அவங்க கண்ணுல படாது. உங்க தோப்பு ரோட்டுக்கு எந்தப் பக்கம்? நடுத்தடுப்பும் லாரியும் தாண்டி வந்திருக்காது. உங்க பக்கத்து ஹோட்டல், டீக்கடை, பெட்ரோல் பங்க், எல்லாத்துலயும் ராத்திரி ஷிப்ட் ஆளுங்களைக் கேளுங்க. பகல்ல இருக்குறவங்களுக்கு எதுவும் தெரியாது. கிருஷ்ணகிரி டோல்கேட்டுலயும் ஒரு போட்டோ ஒட்டுங்க. கன்னடத்துல ரெண்டு வரி சேர்த்துக்கோங்க.

சிப்காட் வாசி:
யாரும் வரலைன்னா நீங்களே வெச்சுக்கோங்க, நல்ல ஜாதி நாய்.

வக்கீல் குமாஸ்தா:
அப்படிச் சட்டுனு வெச்சுக்க முடியாதுங்க. சட்டத்துக்கு நாயும் ஒருத்தரோட சொத்து. கண்டெடுத்த பொருளுக்கு உரியவரை நியாயமா தேடிப் பார்க்காம எடுத்துக்கிட்டா இப்போதைய குற்றச் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா 314-ம் பிரிவுல வரும். ஸ்டேஷன்ல ஒரு வெள்ளைத்தாள் மனு குடுத்து முத்திரை வாங்கிடுங்க. பின்னாடி யாராவது "திருடிட்டாங்க"ன்னு வந்தாலும் அது காப்பாத்தும்.

மருந்துப்பெட்டி:
மைக்ரோசிப் இருக்கான்னும் பார்த்துடுங்க. தோள்பட்டை நடுவுல தோலுக்கடியில அரிசி அளவுல இருக்கும், கையில தட்டுப்படாது. அதைப் படிக்கிற ரீடர் மிஷின் எல்லா இடத்துலயும் இருக்காது, ஓசூர்ல தனியார் கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. அது இருக்குற இடத்தைக் காட்டாது, 15 இலக்க எண் மட்டும் தரும். முதல் மூணு இலக்கம் 900-க்கு மேலன்னா அது சிப் தயாரிச்ச கம்பெனியோட கோடு, அங்கிருந்து பிடிச்சுப் போகணும்.

மாந்தோப்பு:
ஓசூர்ல சிப் எண் கிடைச்சுது. கம்பெனி வழியா பெங்களூர் கிளினிக் வரைக்கும் போனோம், அவங்க பதிவுல இருந்த போன் நம்பர் இப்ப உபயோகத்துல இல்ல. கடைசியில ராயக்கோட்டை ரோடு அண்ணன் சொன்ன வழிதான் பலிச்சுது. எங்க பக்கத்து ஹோட்டல் ராத்திரி வாட்ச்மேன், "கேஏ நம்பர் கார்ல வந்த குடும்பம் மழையில டார்ச் அடிச்சு ரொம்ப நேரம் தேடுச்சு, நம்பர் குடுத்துட்டுப் போனாங்க"ன்னு பில் பின்னாடி எழுதி வெச்சிருந்ததை எடுத்துக் குடுத்தார்.

போன்ல அடையாளம் கேட்டேன். அந்தம்மா யோசிக்கவே இல்ல, "நாக்குல வலது பக்கம் கருப்பு மச்சம்"னாங்க. இனிமே எழுதலாம், நான் குறிச்சு வெச்சது அதேதான். தடுப்பூசிப் புத்தகம், சிப் எண், பழைய போட்டோ எல்லாம் சரியா இருந்துச்சு. ஸ்டேஷன்ல சொல்லிட்டு, எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பியாச்சு.

பர்கூர் அக்கா:
நாய் போயிடுச்சே, அந்த 10 நாள் கணக்கு?

மாந்தோப்பு:
பேசிட்டேன் அக்கா. பத்தாம் நாள் வரைக்கும் தினமும் அது சாப்பிடுற வீடியோ அனுப்பணும், உடம்புக்கு ஏதாவதுன்னா உடனே கூப்பிடணும்னு. இன்னிக்கும் வந்துச்சு. ராகி முத்தை (நம்ம களிதான்) திங்குது. எனக்கு நாளைக்கு மூணாவது ஊசி.