பழைய உபெர்ட்டி கார்பைன் வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. ரெமிங்டன் 1858 சுழல் கார்பைனின் (ரிவால்வர் போலச் சுழலும் சிலிண்டர் கொண்ட குட்டை ரைஃபிள்) நகல் ஒன்று ஓஹையோவில் விலைக்கு வந்திருக்கிறது. இத்தாலிய நிறுவனமான உபெர்ட்டியின் தயாரிப்பு, .44 காலிபர் (குண்டின் அளவு), 18 அங்குலக் குழல். அசல் துப்பாக்கிகள் ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டன என்பதால் எனக்கெல்லாம் நகல்தான் கதி!

விற்பவர் துப்பாக்கியின் மரக்கட்டையை நாலு கோணத்தில் படமெடுத்திருக்கிறார், சிலிண்டர் முகத்தை (குழலைப் பார்த்திருக்கும் முன்பக்கம்) ஒன்றில்கூடக் காட்டவில்லை. நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு இருந்தால் பரவாயில்லை? அங்கிருந்து சீறும் தீயும் ஈயத்துகளும் முன்னால் பிடிக்கும் கையைப் பதம் பார்த்துவிடும். சிலிண்டரில் மருந்தும் குண்டும் இருக்கும் ஒரு அறை வெடிக்கும்போது பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடித்துவிடும் ஆபத்து வேறு. இதேபோல் சுழல் சிலிண்டர் கொண்ட 1855 கோல்ட் ரைஃபிளின் பெயர் கெட்டதே இதனால்தான்.

அப்புறம், இத்தாலியச் சோதனை முத்திரையோடு (துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம்) ஆண்டுக் குறியீடு இருக்கும், 1975 என்றால் 'ஏஏ'. கார்பைனில் அதை எங்கே தேடுவது? உபெர்ட்டி கைத்துப்பாக்கியின் சிலிண்டர் இதில் அப்படியே பொருந்துமா? இன்னொரு இத்தாலிய நிறுவனமான பியெட்டாவின் கார்பைன் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், புதிதாக அதையே வாங்கிவிடலாமா?