கண்டக்டர் இல்லாமல் ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிக்க முடியுமா?

பியானோ மாணவன் கேட்டது:
நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 2008 பிப்ரவரியில் வட கொரியாவின் பியாங்யாங்கில் வாசித்த கச்சேரியின் வீடியோ பார்த்தேன். கடைசியில் ஒரு உருப்படிக்கு மட்டும், முன்னால் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டர் லோரின் மாசெல் ஒதுங்கிக்கொள்கிறார், நடுவில் ஆளே இல்லை, ஆனாலும் பெர்ன்ஸ்டைனின் 'கேண்டீட்' ஓவர்ச்சர் (இசை நாடகத்தின் தொடக்க இசை) அத்தனை வேகத்திலும் பிசகாமல் போகிறது. எப்படி? எல்லா இசைக்கும் இது சரிப்படுமா? சரிப்படும் என்றால் கண்டக்டருக்கு அங்கே என்ன வேலை?

கடைசி வரிசை:
அந்த ஒன்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பெர்ன்ஸ்டைன் அந்த ஆர்கெஸ்ட்ராவின் இசை இயக்குநராக இருந்தவர். 1990இல் அவர் இறந்தபிறகு அவர் நினைவாக அதை கண்டக்டர் இல்லாமலே வாசிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. சில நிமிட உருப்படி, அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம், முதல் வயலின்காரர் எடுத்துக்கொடுத்தால் போதும்.

பழைய ரிக்கார்டு:
உண்மையான சோதனை மாஸ்கோவில் நடந்தது. 1922இல் லெவ் ஸெய்ட்லின் என்ற வயலின் கலைஞர் 'பெர்சிம்ஃபான்ஸ்' என்ற முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை கண்டக்டரே இல்லாமல் தொடங்கினார். ரஷ்யப் புரட்சி முடிந்த காலம், ஒருவர் கையசைவுக்கு எல்லோரும் கட்டுப்படுவது ஏன் என்ற கேள்வி மேடைக்கும் வந்துவிட்டது. ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக வட்டமாக உட்கார்ந்தார்கள், சிலர் ரசிகர்களுக்கு முதுகு காட்டித்தான் வாசித்தார்கள். 1927இல் ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் வந்து அவர்களோடு பியானோ வாசித்தார். அவர் கவனித்து எழுதியதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்று நினைக்கிறேன்: கடினமான பகுதிகளை அநாயாசமாகத் தாண்டிவிட்டார்களாம், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன்னைத் தனிக்கலைஞராக நினைத்துத் துல்லியமாக வாசித்தார்கள், வேகம் மாறுகிற இடங்களில்தான் சிரமம், அங்கே அத்தனை பேரும் ஒரே மாதிரி உணர வேண்டியிருந்தது. அப்படி உணர வைக்க ஒத்திகைமேல் ஒத்திகை தேவைப்பட்டது, பேசிப் பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1932இல் குழு கலைந்துவிட்டது. பத்து வருடம் அதை நடத்திக் காட்டியதே எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது.

இரண்டாம் வயலின்:
நான் ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன், அதனால் மேடைப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். மேடையின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 15 மீட்டர் இருந்தால் சத்தம் வந்து சேரவே 0.04 நொடிக்கு மேல் ஆகும். பின்னால் இருப்பவர் முன்வரிசையைக் காதால் கேட்டு வாசித்தால் கட்டாயம் பின்தங்குவார். அதனால் கண்ணை நம்ப வேண்டும்: முன்னால் இருப்பவரின் வில் எப்போது இறங்குகிறது, ஓபோ என்ற ஊதுகருவி வாசிப்பவர் எப்போது மூச்சு எடுக்கிறார் என்று. ஒரே காலப்பிரமாணத்தில் ஓடுகிற இசையில் இது பழகிவிடும். மெதுவாகி நின்று மறுபடி எடுக்கிற இடத்தில் யார் முதலில் அசைவது என்பதை முன்பே பேசி வைக்காவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். கண்டக்டர் பெரும்பாலும் சம்பாதித்துக் கொடுப்பது நேரம்தான், நாங்கள் ஒரு வாரம் விவாதிக்க வேண்டியதை அவர் ஒரு ஒத்திகையில் முடிவு செய்துவிடுவார். இன்னொன்று, எங்கள் இடத்திலிருந்து முழு ஆர்கெஸ்ட்ராவும் எப்படிக் கேட்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. 1972இலிருந்து கண்டக்டர் இல்லாமல் இயங்கும் நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் குழுவில் இதற்காக ஒத்திகையின்போது யாராவது ஒருவர் எழுந்துபோய் அரங்கில் உட்கார்ந்து கேட்பார். உருப்படிக்கு உருப்படி தலைமையும் கைமாறும். இதை எங்கள் குழுவிலும் செய்தால் என்ன என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பியானோ மாணவன்:
அருமை, மூவருக்கும் நன்றி. அப்போது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' மாதிரி, தாளக்கட்டு மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை இப்படி வாசிக்கவே முடியாது, இல்லையா?

பழைய ரிக்கார்டு:
வாசித்திருக்கிறார்கள்! பிரான்சில் டேவிட் கிரிமால் 2004இல் தொடங்கிய 'லே டிஸோனான்ஸ்' குழு. அவர் முதல் வயலினில் இருந்துகொண்டே குழுவை நடத்துகிறார். அவர்கள் வாசிப்பதைப் பார்க்கும்போது அவரை மட்டும் பார்க்காதீர்கள், செல்லோ, ஊதுகருவி வரிசைகளில் முதலில் இருப்பவர்களின் தோளையும் மூச்சையும் கவனியுங்கள். யார் எந்த இடத்தை எடுத்துக்கொடுக்கிறார்கள் என்பது அங்கே தெரியும்.