பீல் புதையல் மிஸ்டரி கேஷ், பாதியில நிக்குது, யாராவது ஹின்ட் குடுங்க

மக்களே, வர்ஜீனியா பெட்ஃபோர்ட் பக்கம் ஜியோகேஷிங் (ஜிபிஎஸ் வச்சு, ஒளிச்சு வச்ச டப்பாவத் தேடுற விளையாட்டு) போறவங்க யாராவது இருக்கீங்களா? இங்க தாமஸ் பீல் புதைச்சு வச்சதா சொல்ற தங்கம், வெள்ளி கதைய வச்சு ஒரு மிஸ்டரி கேஷ், அதாவது புதிர அவிழ்த்தாத்தான் இடம் தெரியுற டப்பா, போட்டிருக்காங்க. 1885ல வந்த அந்தச் சின்ன புத்தகத்துல மூணு எண் சங்கேதம் இருக்குமே, அதுல ரெண்டாவத மட்டும் தான் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்த வச்சு உடைச்சாங்க, ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த எண்ணாவது வார்த்தையோட முதல் எழுத்த எடுக்கணும், இந்த கேஷும் அதே மாதிரிதான்.

டப்பா இருக்குற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகைல வடக்கு 37 டிகிரி, மேற்கு 79 டிகிரி வரைக்கும் அழகா வந்துடுச்சு. சின்ன எண்கள் எல்லாம் சுத்தமா உக்காருது, பெரிய எண்கள் வந்தாலே எழுத்து உளறுது, அதனால டிகிரிக்கு அடுத்து வர்ற நிமிஷக் கணக்கு கிடைக்கல. பழைய புத்தகத்துல வார்த்தைகள எண்ணுனதுலயே அங்கங்க தப்பு இருக்கு, கேஷ் வச்சவரு அந்தத் தப்போடவே எண்ணியிருப்பாருன்னு எனக்கு பலமா தோணுது. அந்தப் பழைய எண்ணிக்கைப்படி நம்பர் போட்ட பிரகடனம் யார்கிட்டயாவது இருக்கா? இல்ல எந்த இடத்துல எண்ணிக்கை நழுவுதுன்னு சொன்னாலும் போதும்.

வழக்கமா, மேப்ல குடுத்திருக்குற புள்ளியில இருந்து மூணு கிலோமீட்டர் சுத்துக்குள்ள தான் டப்பா இருக்கும், ஆனா சும்மா போய்த் தேட எனக்கு இஷ்டமில்ல, புதிர அவிழ்த்துட்டுத்தான் போகணும். கண்டுபிடிச்சவங்க தயவுசெஞ்சு கடைசி இடத்த இங்க போட்டுடாதீங்க, வச்சவரோட உழைப்பு வீணாயிடும். சின்ன ஹின்ட் மட்டும், இன்பாக்ஸ்ல.