வண்டியிலேயே ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்குக் குடிவந்த பெரியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மேடவாக்கம் செயலாளர்:

எங்க குடியிருப்பு மேடவாக்கத்தில். மொத்தம் 24 வீடு. போன வருஷம் தை மாசம் இரண்டாவது மாடிக்கு ஒரு மாமாவும் மாமியும் பால் காய்ச்சிக் குடிவந்தாங்க. ரிட்டையர் ஆனதும் ஒரு டெம்போ டிராவலரை கேரவனா மாத்திக்கிட்டு ரெண்டு வருஷம் அதிலேயே இருந்தவங்க. தனுஷ்கோடி, கட்ச், ஸ்பிட்டி, தவாங்னு போகாத இடம் இல்லை. படுக்க, சமைக்க எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி.

பிரச்சினை உயரம்தான். எங்க ஸ்டில்ட்டில், அதாவது வீடுகளுக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் வண்டி நிறுத்துற தளத்தில், பீமுக்குக் கீழே ஏழே கால் அடி. வண்டி எட்டரை, அதுக்கு மேல சோலார் தகடு. உள்ளே நுழையாது. கேட்டுக்கு வெளியே 20 அடி ரோட்டில் நின்னுச்சு. ரெண்டாவது வாரமே புகார் ஆரம்பம். தண்ணி லாரி திரும்ப முடியலை, ஸ்கூல் வேன் ரிவர்ஸ் எடுக்க முடியலை. கமிட்டி கூடி, 30 நாளில் வண்டியை எடுக்கணும்னு கடிதம் போட்டோம். கொண்டு போய்க் கொடுத்தது நான்.

காலை ஆறு மணி இருக்கும். மாமி வண்டிப் படிக்குக் கீழே தார் ரோட்டில் கோலம் போட்டுக்கிட்டிருந்தாங்க. "மேல டைல்ஸ்ல மாவு நிக்க மாட்டேங்குது தம்பி"ன்னாங்க. ரெண்டு வருஷமும் எந்த ஊரில் நிறுத்தினாலும் விடிஞ்சதும் படிக்குக் கீழே ஒரு கோலமாம். மாமா கடிதத்தை நின்னபடியே படிச்சார். நாலா மடிச்சு சட்டைப் பையில் வெச்சுக்கிட்டு, "நீங்க சொல்றது நியாயம்தான்"னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை.

மூணே வாரத்தில் வித்துட்டாங்க. வாங்கினவர் எடுத்துட்டுப் போன அன்னைக்கும் கோலம் இருந்துச்சு. வண்டி நகர்ந்த பிறகு பார்த்தா, ரோட்டில் ஆயில் சொட்டின கறை, அதை ஒட்டி அந்தச் சின்னக் கோலம், சுத்தி வெறும் ரோடு. பத்து நிமிஷத்தில் தண்ணி லாரி வந்து அது மேலேயே ஏறித் திரும்பிச்சு. நான் பால்கனியில் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

எதிர்ல ஒரு காலி மனை இருக்கு. அந்த ஓனர்கிட்ட மாச வாடகைக்குக் கேட்டுப் பார்த்திருக்கலாமேன்னு வண்டி போன பிறகுதான் எனக்குத் தோணுச்சு. மாமி இப்போ கீழேயே வர்றதில்லை. இப்படி வந்தவங்களோட பழகினவங்க யாராவது இருந்தா எழுதுங்க.

நங்கநல்லூர் மகள்:

என் அப்பா அம்மா கதை அமெரிக்காவில் நடந்தது. அப்பா ஓய்வு பெற்றதும் நியூ ஜெர்சி வீட்டை விற்று மோட்டார்ஹோம் வாங்கினார்கள். மூன்று வருடம். சவுத் டகோட்டாவில் ஓர் இரவு தங்கின ரசீதைக் காட்டி அங்கேயே முகவரி, லைசென்ஸ் எல்லாம். 62 வயதானவர்களுக்கான 80 டாலர் ஆயுள் பாஸை வைத்துக்கொண்டு தேசியப் பூங்காக்கள். குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனம். பிறகு அம்மாவுக்கு முட்டி வலி வந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டு நங்கநல்லூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி குடிவந்தார்கள்.

குடிவந்து பதினான்காவது நாள். காலையில் போகிறேன், அப்பா கூடத்தில் அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கியாகிவிட்டது. வெளியே போய்க் குழாயிலிருந்து தோட்டத்து ஹோஸையும் கழற்றிச் சுருட்டிவிட்டார். "என்னப்பா பண்றீங்க?" என்றேன். "பதினாலு நாள் ஆச்சேம்மா" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவருடைய அண்ணாவுக்கு ஞாபகமறதி நோய் இருந்தது. அன்று மாலையே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "இவருக்கு எல்லாம் மறக்க ஆரம்பிச்சிடுச்சு டாக்டர்" என்று சொன்னேன். டாக்டர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அப்பா சரியாகப் பதில் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொன்னார். ஒரு பிழை இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் சொன்னார். அங்கே அரசு நிலத்தில் இலவசமாக நிறுத்தலாம், ஆனால் ஒரே இடத்தில் 14 நாள்தான். பிறகு வேறு இடத்துக்குப் போயே ஆக வேண்டும். பதினான்காம் நாள் காலையில் குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் டேங்க், கழிவறைக் கழிவு சேரும் கருப்பு டேங்க் இரண்டையும் காலி செய்து, ஹோஸைச் சுருட்டிக் கிளம்புவது. மூன்று வருடப் பழக்கம். "மனசுக்குத் தெரியும்மா. கைதான் அதுபாட்டுக்கு எடுத்து வெச்சுது" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் எதையுமே "மறந்துபோச்சு" என்று சொல்வதில்லை. கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தெரியாவிட்டால்கூடக் கேட்காமல் தானே தேடிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டாக்டர் அறைதான் ஞாபகம் வருகிறது.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:

செயலாளர் தம்பி தன்னையே நொந்துகொள்வதை நான் ஏற்கவில்லை. 20 அடிச் சாலையில் அந்த அளவு வண்டியை நிரந்தரமாக நிறுத்துவது தவறு. எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் வேனை நிறுத்தியிருந்தார். என் மைத்துனருக்கு இரவில் நெஞ்சுவலி. 108 வந்துவிட்டது, ஆனால் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் நாற்காலியின் கால் ஒன்று உடைந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. பிழைத்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

தவறு வீடு வாங்கிய விதத்தில் இருக்கிறது. வண்டியோடு வருபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேல்தளத்திலிருந்து அளந்தால் பயனில்லை, பீமின் அடிப்பகுதியிலிருந்து அளக்க வேண்டும். சரிவுப் பாதை முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் நீளமான வண்டியின் மேற்பகுதி இன்னும் சில அங்குலம் தூக்கிக்கொள்ளும், அங்கேயும் அளக்க வேண்டும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் மாடுலர் கிச்சனைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

தெற்குச் சென்னையில் வாங்குவதென்றால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய தெருக்களில் சுற்றுச்சுவர்க் கறையே பதில் சொல்லும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்து கட்டாயம், ஆனால் பல இடங்களில் குழாய் மட்டும்தான் இருக்கும், கீழே குழி தூர்ந்திருக்கும். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, உங்கள் பங்கு நிலம் எத்தனை சதுர அடி என்பது ஆகிய மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள். கேரவனாக மாற்றிய வண்டியை விற்பவர்கள், அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுப்பதற்குள் வங்கியில் புது முகவரியை மாற்றிவிடுங்கள்.

நங்கநல்லூர் சகோதரிக்கு: தந்தையைத் தினமும் பேருந்தில் எங்காவது அனுப்பிவையுங்கள்.

மரவேலை, போரூர்:

ஐயா, அந்த அண்ணன் டேப் பிடிக்கிறதைப் பத்திக் கேக்கலையே. வண்டி போனதும் மனசு கேக்கலைன்னு சொன்னாரு. நீங்க வீட்டுப் பத்திரத்துக்குப் போயிட்டீங்க.

நான் பிளாட்டுக்கு இன்டீரியர் பண்றவன். வளசரவாக்கத்தில் ஒரு வீடு. அவங்களும் வேன்ல சுத்திட்டு வந்த ஜோடிதான். ஐயா ரயில்வே, அம்மா பேங்க். பத்துக்கு எட்டு கிச்சன், சென்னை பிளாட்டுக்கு நல்ல கிச்சன். அம்மா என்னை நடுவுல நிக்க வெச்சு, ரெண்டு கையையும் நீட்டச் சொன்னாங்க. "கை எட்ற தூரத்துக்குள்ள எல்லாம் வந்துடணும்"னாங்க. மீதி இடம் வேணாமாம். அதுகூடப் பரவால்ல. எல்லா டிராயருக்கும், எல்லாக் கதவுக்கும் லாட்ச் போடச் சொன்னாங்க.

நான், "அம்மா, இது ஓடுற வீடு இல்லையே"ன்னேன். என் பசங்க ரெண்டு பேரும் சிரிச்சிட்டாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. "சரிப்பா, வேணாம்"னாங்க. தண்ணி பட்டாலும் தாங்குற 710 மரைன் பிளைவுட், தானா மெதுவா மூடுற சேனல், நல்ல லேமினேட்னு எங்க வேலையில ஒரு குறையும் கிடையாது.

மூணு மாசம் கழிச்சு ஒரு கீல் மாத்தப் போனேன். எல்லாக் கைப்பிடியையும் பக்கத்துக் கைப்பிடியோட பழைய வேட்டிக் கரையைக் கிழிச்சுக் கட்டி வெச்சிருக்காங்க. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாக் கட்டுவாங்களாம், காலையில அவுப்பாங்களாம். மலை ரோட்டுல ஒரு நாள் டிராயர் திறந்து கத்தி பறந்து வந்து ஐயா தோள்ல குத்தியிருக்கு. அதுல இருந்து கட்டாம தூக்கம் வராதாம். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனா? ஆனா நாங்க சிரிச்ச இடத்துல அவங்க எப்படிச் சொல்லுவாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை பதினாலு லாட்ச் வாங்கிட்டுப் போய் நானே மாட்டினேன். காசு வாங்கலை. பெரிய பையன் கூட வந்தான், ஸ்குரூ எடுத்துக் கொடுத்தான். சின்னவன் வரலை.

வேளச்சேரி டீச்சர்:

நானே வண்டியிலிருந்து இறங்கியவள் என்பதால் எழுதுகிறேன். 2023 அக்டோபரில் வேனை விற்றுவிட்டு வேளச்சேரியில் முதல் மாடிக்கு வந்தோம். பொறியாளர் சார் சொன்ன கறையை நாங்கள் பார்க்கவில்லை. அது உண்மை.

டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் மழை. மறுநாள் ஸ்டில்ட்டில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. எங்களுக்குப் பயமே வரவில்லை. வேனிலிருந்து கழற்றி வைத்திருந்த பேட்டரியும் பல்ப் பட்டையும் இருந்தன. 5 கிலோ சின்ன சிலிண்டர் இருந்தது. மழை வரும் என்று சொன்னதும் இவர் இரண்டு 20 லிட்டர் கேனையும் நிரப்பி வைத்திருந்தார். இரண்டு பேர் 40 லிட்டரில் நான்கு நாள் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை. தட்டை முதலில் துணியால் துடைத்துவிட்டுக் கழுவினால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

இரண்டாம் நாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். கையில் ஏழு மாதக் குழந்தை. பால் பவுடர் கலக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். உள்ளே போய்க் கேனைச் சாய்த்து, எப்போதும் அளக்கும் அந்த எவர்சில்வர் டம்ளரில், விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரும்வரை ஊற்றினேன். கொஞ்சம் கூடிவிட்டது. அதைத் திரும்பக் கேனிலேயே ஊற்றினேன். நிமிர்ந்தால் அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு கேனையே அவர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். குழந்தைக்கு மூன்று நாளும் எங்கள் அடுப்பில்தான் தண்ணீர் கொதித்தது. அவளும் ஆன்ட்டி ஆன்ட்டி என்று நன்றாகத்தான் பழகுகிறாள். ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், "பாதி போதும் ஆன்ட்டி" என்கிறாள்.

செயலாளர் தம்பிக்கு: டைல்ஸில் மாவு நிற்காது என்பது சரிதான். அரிசியை ஊறவைத்து அரைத்து, ஈரமாகவே விரலால் இழைத்துப் போட்டால் நிற்கும். நான் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் உங்கள் மாமிக்கு அது தெரியாமல் இருக்காது.

மேடவாக்கம் செயலாளர்:

டீச்சரம்மா, படிச்சேன். சாயங்காலம் அந்த மனை ஓனருக்கு போன் பண்ணினேன். வண்டியே இல்லாதப்போ எதுக்குக் கேக்கறேன்னு அவருக்குப் புரியலை. கேட்டுக்குப் பக்கத்தில் எங்க இடத்திலேயே ஆறடிக்கு நாலடி மண் தரை இருக்கு, ரெண்டு பைக் நிக்குது. அதில் ஒண்ணு என்னோடது. நாளைக்குக் காலையில் அதை நகர்த்திட்டு, தண்ணி தெளிச்சு வெச்சிட்டு, மேலே போய் மாமியைக் கூப்பிடப் போறேன். வருவாங்களான்னு தெரியலை.