புதுப்பிப்பு: 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650-இல் சைபர்பங்க் 2077

சைபர்பங்க் 2077 கணினி விளையாட்டில் காரை வேகமாகத் திருப்பும்போதெல்லாம் படம் அரை நொடி உறைந்துவிடுகிறது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். என் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டை விற்றுவிடச் சொன்னவர்களே மிகுதி. விற்கவில்லை, திணறலும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

2023 செப்டம்பரில் வந்த விளையாட்டின் 2.0 பதிப்புக்கு 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060-தான் குறைந்தபட்சத் தேவை என்பதால், என் கார்டைக் குறை சொல்வது நியாயமாகாது. டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) தரம் ‘ஹை’யில் இருந்தபோது கார்டின் 4 ஜிபி நினைவகமும் நிரம்பி, மிஞ்சியவை கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய்வந்துகொண்டிருந்தன, நான் பார்த்த உறைவு அந்தப் போக்குவரத்துதான். ‘மீடியம்’ ஆக்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த அமைப்பை ஆட்டத்தின் நடுவே மாற்ற முடியாது, முதன்மை மெனுவுக்குத் திரும்பியாக வேண்டும் என்பது தெரியாமல் இரண்டு மாலைப் பொழுதுகளை வீணாக்கினேன்.

டென்சர் கோர்கள் (செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான பகுதிகள்) இல்லாத கார்டு என்பதால், படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது; ஆகவே அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரை ‘குவாலிட்டி’யில் வைத்தேன். 1080பி (1920×1080 புள்ளிகள்) திரைக்கு அது 720பி-யில் (1280×720) வரைந்து பெரிதாக்குவதால், தூரத்துக் கம்பிவேலிகள் மினுமினுக்கின்றன, ஓடும் காரின் பின்னால் மங்கலாக ஒரு தடம் இழுபடுகிறது. எனக்குப் பழகிவிட்டது.

ஒற்றை 8 ஜிபி ரேமுக்கு இணையாக இன்னொன்றைச் செருகி, இரண்டும் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும் இரட்டைச் சேனலாக்கினேன். என் திரை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பிப்பது) என்பதால், ஃபிரேம்களை (வரையப்படும் படங்களை) அதில் சரிபாதியாக நொடிக்கு 30-இல் பூட்டி, ஒவ்வொன்றும் சீராக 33.3 மில்லி நொடியில் வருமாறு செய்தேன். ஏறி இறங்கும் 45-ஐவிட இதுவே கண்ணுக்கு இதம். மழை இரவில் நெரிசலான சந்தைக்குள் நுழைந்தால் மட்டும் இன்னும் 26 வரை சரிகிறது. அங்கே கூட்ட அடர்த்தியைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.