க்ரோஃப்: உசாத்துணைப் பட்டியலில் நீண்ட இணைய முகவரி ஓரம் தாண்டுகிறது

வணக்கம். கொழும்பில் முதுகலை ஆய்வேட்டை ஆங்கிலத்தில், க்ரோஃபில் (கட்டளைகளோடு எழுதிய உரையைப் பக்கங்களாக அமைக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். உபுண்டு 22.04, க்ரோஃப் 1.22.4, எம்எஸ் மேக்ரோ (பக்க அமைப்புக்கான ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு), உசாத்துணைக்கு ரெஃபர் (நூல் விவரங்கள் உள்ள தரவுக் கோப்பிலிருந்து பட்டியலை எடுத்துத் தரும் கருவி), வெளியீடு பிடிஎஃப்.

அத்தியாயங்கள் அருமையாக வருகின்றன. உசாத்துணையில்தான் சிக்கல். முகவரிகள் தரவுக் கோப்பின் ஓ புலத்தில் (%O, பிற தகவலுக்கான இடம்) இருக்கின்றன. முகவரிக்குள் ஹைபன் விழக்கூடாதென்று அந்தப் பகுதியில் ஹைபன் போடுவதை நிறுத்தியிருக்கிறேன். இப்போது முகவரி முறியாமல் வலது ஓரத்தைத் தாண்டி ஓடுகிறது; முந்தைய வரியில் இரண்டு மூன்று சொற்கள் பல்லுப்போன மாதிரி விலகி நிற்கின்றன. பழைய பக்கங்களின் சேமிப்பு முகவரிகள் இன்னும் மோசம், முகவரிக்குள்ளே இன்னொரு முகவரி.

இடது ஒழுங்குக்கு மாற்றினேன். இடைவெளி சரியானது, ஓரம் தாண்டுவது நிற்கவில்லை. சாய்கோடுகளுக்குப் பின் முறிவுக் குறியை (பின்சாய்கோடு, முக்காற்புள்ளி) கையால் போட்டால் வேலை செய்கிறது. ஆனால் அதே தரவுக் கோப்பை ஆய்வுக்குழுவில் மற்றவர்களும் பயன்படுத்துகிறார்கள். அதில் குறிகளைத் திணிக்க மனமில்லை. ரெஃபருக்கு முன் செட் (sed, உரையில் தேடி மாற்றும் கருவி) ஓட்டி எல்லாச் சாய்கோடுகளுக்கும் பின் குறி போட்டேன், 2019/20 போன்ற கல்வியாண்டுகளும் நடுவில் முறிந்தன.

நூலகப் பிரதியை மாத முடிவில் கட்டக் கொடுக்க வேண்டும். லாடெக்குக்கு (இதே வேலைக்கான இன்னொரு மென்பொருள்) மாறும் எண்ணம் இல்லை.

தரவுக் கோப்பைத் தொடாமல், ஓ புலத்துச் சாய்கோடுகளில் மட்டும் வரி முறிய வைப்பது எப்படி?