கூலன்ட் குறைந்தால் எதை ஊற்றுவது? நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

நீண்ட பயணம் ஒன்றுக்கு முன்பு போனட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியில் அளவு கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. உள்ளே இருந்தது இளஞ்சிவப்பு நிறம். உதிரிபாகக் கடைக்காரர் யோசிக்கவே இல்லை, இளஞ்சிவப்பு பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். "நிறம் ஒன்றுதான் சார், தாராளமாக ஊற்றலாம்" என்றார். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன். அது துருவைத் தடுக்க சிலிகேட் சேர்த்த வகை. என் காரின் கையேடு கேட்பது சிலிகேட் இல்லாத, பாஸ்பேட் கலந்த ஆர்கானிக் அமில வகை. வாங்காமல் வந்துவிட்டேன்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், நிறத்தை வைத்தே கூலன்ட் வாங்குகிறவர்கள் இன்னும் ஏராளம் என்பதுதான். நிறம் வெறும் சாயம். பச்சை என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடையாது. பெரும்பாலான கூலன்ட்களில் அடிப்படைத் திரவம் ஒன்றுதான்: எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும். வேறுபாடு துருவைத் தடுக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்களில் இருக்கிறது. வழக்கமாகப் பச்சை நிறத்தில் வந்த பழைய வகையில் இருக்கும் சிலிகேட் உலோகத்தின் மேல் முழுவதும் படலமாகப் படிந்து காக்கும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏறக்குறைய 2 ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். ஆர்கானிக் அமில வகை அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத்தான் செலவாகும், 5 ஆண்டுகள் வரை தாங்கும். இரண்டையும் கலந்த வகைகளும் உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் பொதுவாக பாஸ்பேட் சேர்த்து சிலிகேட்டைத் தவிர்க்கும். ஐரோப்பிய நிறுவனங்கள் நேர்மாறாகச் செய்யும், ஏனென்றால் கடினத் தண்ணீரோடு பாஸ்பேட் சேர்ந்தால் உள்ளே உப்புப் படிவு உண்டாகும். 'எல்லா வண்டிகளுக்கும் ஏற்றது' என்று முன்பக்கத்தில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. ஏ.எஸ்.டி.எம். டி3306 என்ற பொதுத் தரக்குறியீடும் குறைந்தபட்ச உத்தரவாதம்தான். கையேட்டில் இருக்கும் தரக்குறியீடு பாட்டிலின் பின்பக்கத்திலும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடி வாங்கித்தான் ஊற்றினேன்.

இன்னொன்று, அது ஏற்கெனவே தண்ணீர் கலந்ததா, அடர்திரவமா என்றும் பாருங்கள். அடர்திரவத்தை அப்படியே ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு எதிரானது. பாதிக்குப் பாதி கலவை உறைவதற்கு மைனஸ் 37 டிகிரி வரை குளிர வேண்டும். தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். வெப்பத்தைச் சுமந்து செல்வதிலும் அது தண்ணீருக்கு ஈடாகாது.

* * *

மேலே எழுதிய நண்பர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் மைத்துனர் பழைய கார் ஒன்று வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றியிருக்கிறார். ரேடியேட்டர் மூடியைத் திறந்த மெக்கானிக் விரலை விட்டு எடுத்தபோது, பழைய கிரீஸ் போலப் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மேட்டில் ஏறும்போதெல்லாம் வெப்பமானி முள் ஏன் உயர்ந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ஹீட்டரும் சூடான காற்றைத் தரவில்லை. கனிமம் நீக்கிய தண்ணீரை விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, வடித்து, தெளிவாக வரும்வரை மறுபடியும் மறுபடியும் அதையே செய்தார்கள். எல்லாக் கலவையும் இப்படிக் கெட்டியாகிவிடாது. பெரும்பாலும் ஆயுள் குறைவதோடு நின்றுவிடும். ஆனால் எது கெட்டியாகும் என்று ஊற்றும்போது தெரியாது. உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே நல்லது.

* * *

எதை ஊற்றுவது என்பதற்கு முன்னால் ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும் என்பேன். கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுவது, பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தால் அது எங்கோ போகிறது.

என் காரில் அளவு மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. தொட்டியின் வெளியே டேப் ஒட்டி, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் அளவு பார்த்து வந்தேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் பொருக்கு காய்ந்திருந்தது. பம்பின் சீல் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கசிந்தது சூட்டில் காய்ந்துவிட்டதால் தரையில் எதுவும் தெரியவில்லை. பம்பை மாற்றிய பிறகு அளவு டேப்பை விட்டு நகரவில்லை.

வண்டிக்குள் இனிப்பு வாசனையும் காலடி விரிப்பில் ஈரமும் இருந்தால், ஹீட்டருக்குச் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரைப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தால், ஆயில் பால் கலந்ததுபோல மாறியிருந்தால், இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் காக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த நிலையில் எந்தக் கூலன்ட்டும் உதவாது, வண்டியை ஓட்டாதீர்கள்.

* * *

வழியில் கூலன்ட் கிடைக்காமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் சிறந்தது. அதுவும் இல்லையென்றால் நல்ல குடிநீர். வறண்ட இன்ஜினோடு ஓட்டுவதைவிட அது மேல். ஆனால் ஊர் சேர்ந்ததும் கலவையைச் சோதித்துச் சரிசெய்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வேண்டாம். அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் கொதித்துப் பீறிட்டு அடிக்கும். என் சக ஊழியரின் மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தரையில் சிந்தியதையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதனால் நாய்கள் நக்கிவிடும். சிறிதளவு போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிச்சமிருக்கும் பாட்டிலைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள், குடிநீர் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.